வீட்டுக் கற்பூர மரத்தை இறக்கிய பத்து மாதம்

போன வாரம் அடிக்கட்டையையும் அரைத்து மண் மூடியாயிற்று. பிப்ரவரியில் தொடங்கியது நவம்பர் கடைசியில்தான் முடிந்தது. மரம் வெட்டுகிற வேலை மட்டும் இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் எந்த மரத்துக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும், நான் செய்த இரண்டு தவறுகளைச் சரிசெய்யவும் போனது. இங்கே சொந்த வீட்டில் பெரிய மரம் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஐசிபிங்கோ ஹில்ஸில். பின்பக்கம் நின்றது கற்பூர மரம். மார்பு உயரத்தில் டேப் பிடித்தால் சுற்றளவு 3.1 மீட்டர், அதாவது குறுக்கே ஒரு மீட்டருக்கு ஒரு விரல் குறைவு. உயரத்தைக் குச்சி வைத்து அளந்தேன். கண்ணிலிருந்து நீட்டிய கை வரை எவ்வளவோ அதே நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, கையில் நெட்டுக்குத்தாகப் பிடித்து, மரத்தின் தூரும் உச்சியும் குச்சிக்குள் சரியாக அடங்கும் வரை பின்னால் நடந்தேன். நின்ற இடத்திலிருந்து தூர் வரை அளந்தது 17 மீட்டர். அதுதான் உயரம். தூரிலிருந்து வீட்டுச் சுவர் 4.2 மீட்டர், காம்பவுண்டுச் சுவர் வெறும் 1.5 மீட்டர். யார் நட்டது என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஆயா இங்கே கல்யாணமாகி வந்தபோதே பெரிய மரமாக நின்றதாம்.

2022 ஏப்ரலில் டர்பனையே புரட்டிப்போட்ட அந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், எங்கள் ஐசிபிங்கோ பக்கமும் பலத்த அடி. அந்த ராத்திரி இந்த மரத்திலிருந்து என் தொடை கனத்துக்கு ஒரு கிளை முறிந்து, துணி காயப்போடும் கம்பிமேல் விழுந்தது. அன்றிலிருந்தே மனதில் பயம்தான். ஆனாலும் வெட்டத் துணியவில்லை. வெயில் காலத்தில் அதன் நிழலில் வீட்டுக்குள் மின்விசிறி போடாமலே இருக்கலாம். இலையைக் கசக்கினால் ஊர்க் கோயில் கருவறை வாசனை. அப்பா ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது தினமும் காலையில் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

முடிவெடுக்க வைத்தது சாக்கடைக் குழாய். ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை அடைத்தது. மூன்றாவது தடவை பிளம்பர் உள்ளே விட்டு இழுத்த சுருள்கம்பியோடு ஒரு முழ நீளத்துக்கு வேர் வந்தது, குதிரைவால் மாதிரி, மெல்லிய சிவப்பு வேர்கள் பின்னிப் பிணைந்து. பழைய மண்குழாய், இணைப்புக்கு இணைப்பு விரிசல். ஒவ்வொரு தடவைக்கும் 1,850 ராண்ட். காம்பவுண்டுச் சுவரிலும் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பிளவு.

முதல் தவறு இங்கேதான். இவ்வளவு பெரிய மரத்தை வெட்ட அனுமதி இல்லாமல் எப்படி என்று நானாகவே முடிவுசெய்து, கற்பூர மரத்துக்கு அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு நீளமாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். போட்டோ, வரைபடம், பிளம்பர் ரசீது எல்லாம் வைத்து. அங்கே இருந்தவர் பொறுமையாகப் படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். மரம் உங்கள் மனைக்குள் நிற்கிறதா, தெரு ஓரப் புல்தரையிலா? மனை டிமாஸ் எல்லைக்குள் வருகிறதா? என்ன ஜாதி மரம்?

தெரு ஓரத்தில் நிற்பது மாநகராட்சி மரம், வீட்டுக்காரர் அதைத் தொடக்கூடாது. டிமாஸ் என்பது டர்பன் மாநகரம் பாதுகாக்கிற பசுமைப் பகுதிகளின் வலைப்பின்னல். ஆற்றோரம், பள்ளத்தாக்கு, காட்டுத் துண்டுகள் எல்லாம் அதில் வரும், தனியார் நிலமும் அதில் மாட்டலாம். மாட்டினால் செடி கொடி அகற்றுவதற்கும் சுற்றுச்சூழல் பிரிவிடம் கேட்க வேண்டும். எங்கள் மனை அதில் இல்லை, இரண்டு தெரு கீழே ஆற்றுப் பக்கம்தான் வரைபடத்தில் பச்சை தொடங்குகிறது. மூன்றாவது கேள்விக்குக் கற்பூர மரம் என்று சொன்னதும் அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் கற்பூர மரம் ஆக்கிரமிப்புத் தாவரம், 1பி வகை. 2014இல் வந்து 2020இல் புதுப்பித்த விதிகளின்படி 1பி என்றால் நிலத்துக்காரர் அதைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். வெட்ட அனுமதி கேட்கவே தேவையில்லை. வீட்டை விற்கப் போனால் இப்படி ஒரு மரம் தோட்டத்தில் இருக்கிறது என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுமாம். நான் வாங்கியபோது இதெல்லாம் யாருக்குத் தெரியும்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. கேப் டவுன் பக்கம் வெர்கலேகன் பண்ணையில் 1700ஐ ஒட்டி நட்ட கற்பூர மரங்களை 1942இல் தேசியச் சின்னமாகவே அறிவித்தார்கள். அதே ஜாதி இங்கே களை. பறவைகள் கறுப்புப் பழத்தைத் தின்று ஆற்றோரக் காடெல்லாம் விதைத்துவிடுகின்றன, உள்ளூர் மரம் வளர இடமில்லாமல் போகிறது. காரணம் புரிகிறது.

சரி, வழி திறந்துவிட்டது என்று கொட்டேஷன் வாங்கத் தொடங்கினேன். மூன்று பேர் வந்தார்கள். 9,500, 18,500, 27,000 ராண்ட். முதலாமவருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆனால் விலை மனதை இழுத்தது. அவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கற்பூர மரத்துக்கும் சுவருக்கும் நடுவே வளைந்து நெளிந்து நின்ற ஒரு சின்ன மரத்தைக் காட்டி, இது வேலைக்கு இடைஞ்சல், இதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். நாலரை மீட்டர்தான் இருக்கும். நிழலில் வளர்ந்து கோணலாகிப்போன மரம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இது இரண்டாவது தவறாக ஆகியிருக்கும்.

ஆயா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எண்பது தாண்டியவர், ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிற குடும்பம், இங்கே பிறந்தவர்களில் இன்றும் தடையில்லாமல் தமிழ் பேசுகிற சிலரில் ஒருவர். அந்த ஆள் போனதும் கூப்பிட்டார்.

“கண்ணு, பெருசை என்னமோ பண்ணிக்கோ. அந்தச் சின்னதுல கைய வெக்காத. அது கவர்மென்ட் மரம்.”

“இதுவா ஆயா? இது என்ன மரம்?”

“இலைய கிள்ளிப் பாரு.”

கிள்ளினேன். காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. மேலே கரும்பச்சை, தடிப்பான, பளபளப்பான இலை. துளிரில் மட்டும் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய ரோமம். வெள்ளை மில்க்வுட். நம் இலுப்பை, மகிழம், சப்போட்டா குடும்பத்து மரம்தான், அந்தப் பாலும் அதனால்தான். ஜூலு மொழியில் உமாக்வேலாஃபிங்கானே என்கிறார்கள். மோசல் பேயில் 1500இல் ஒரு போர்ச்சுகீசிய மாலுமி செருப்புக்குள் கடிதம் வைத்துக் கட்டிப் போனதாகச் சொல்லும் அஞ்சல் மரமும் இதே ஜாதி. ஆயாவின் வீட்டுக்காரர் கட்டட வேலை பார்த்தவர். பீச் பக்கம் ஒரு வீட்டுக்காரர் இதே மரத்தை வெட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறார்.

1998ஆம் வருடத்துத் தேசிய வனச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட மரப் பட்டியலில் இருக்கும் மரத்தை உரிமம் இல்லாமல் வெட்டக்கூடாது, சேதப்படுத்தக்கூடாது, அதன் கட்டையை வைத்திருக்கவோ ஏற்றிப்போகவோகூடக் கூடாது. சொந்த மனையாக இருந்தாலும் அதேதான். அபராதம், இல்லை மூன்று வருடம் வரை சிறை, இல்லை இரண்டும். கிளை கழிப்பதுகூட இதில் வந்துவிடும். மருலா, பாவோபாப், மஞ்சள்மர வகைகள், மில்க்வுட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பதினேழு மீட்டர் மரத்துக்குக் காகிதமே வேண்டாம், நாலரை மீட்டர் மரத்துக்கு அமைச்சர் பெயரில் உரிமம் வேண்டும். ஆயா மட்டும் கூப்பிட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை அதை வெட்டிப் போட்டிருப்போம்.

சிக்கல் என்னவென்றால் கற்பூர மரத்தின் இரண்டு பெரிய கிளைகள் மில்க்வுட்டின் தலைமேல் இறங்கிப் பின்னியிருந்தன. மில்க்வுட்டில் ஒரு கொப்பையும் தொடாமல் அவற்றை இறக்க வழியில்லை. அதனால் வனத்துறை உரிமத்துக்கு மார்ச்சில் விண்ணப்பித்தேன். இந்தத் தடவை ஒழுங்காக: மனையின் படம், இரண்டு மரமும் சுவரும் குழாயும் எங்கே என்று மீட்டர் கணக்கில் வரைந்தது, நாலு பக்கமிருந்து போட்டோ, எந்தக் கொப்பு என்று சிவப்பு நாடா கட்டி அதன் கனம் எவ்வளவு என்ற குறிப்பு. மே மாதம் ஒரு அம்மா நேரில் பார்க்க வந்தார். நாடா கட்டிய ஐந்து கொப்புகளில் இரண்டு தேவையில்லை, கயிறு கட்டி ஒதுக்கினாலே போதும் என்று அவிழ்த்துவிட்டார். தூரைச் சுற்றி வேலி போடவும், வேர்மேல் எதையும் குவிக்காமல் இருக்கவும் சொன்னார். ஜூனில் உரிமம் வந்தது, மூன்று கொப்பு கழிக்க மட்டும். மூன்றும் 4 முதல் 6 சென்டிமீட்டர் கனம். கழித்ததை அதே தூரடியில் போட்டு மக்க விட்டேன்.

காத்திருந்ததில் ஒரு லாபம், ஜூலை வந்துவிட்டது. டர்பனில் மழை குறைந்த மாதம், மண் இறுகியிருக்கும், பறவைகள் கூடு கட்டுகிற காலமும் இல்லை. ஆடி பிறந்தால் ஆயா வீட்டில் கூழ் ஊற்றுவார்கள், தெருவே கூடும். அதற்கு முன்னால் முடித்துவிட நினைத்தேன்.

18,500காரரை வைத்தேன். இன்ஷூரன்ஸ் கடிதம் காட்டினார், மில்க்வுட் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளைக்கு அடியில் போவதால் மாநகராட்சி மின்சாரப் பிரிவில் சொல்லி அந்த இரண்டு நாளும் பகலில் இணைப்பைத் துண்டிக்க ஏற்பாடு செய்தோம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஆயா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். தெரு முனை மலைவேம்பில் ஒடித்த கொத்தை அதில் முக்கித் தூரைச் சுற்றித் தெளித்தார், சூடம் ஏற்றினார். மரத்தில் குடியிருக்கிற உயிரெல்லாம் கோபிக்காமல் வேறு இடம் பார்த்துப் போங்கள் என்று வாய்விட்டுச் சொன்னார். மரம் ஏறுகிறவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு ஜூலுக்காரர், எல்லோரும் அவரை பாபா என்றுதான் கூப்பிட்டார்கள். ரம்பத்தைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, சூடம் அணையும் வரை நின்றார். அப்புறம்தான் ஏறினார்.

உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான் வேலை. மேலே ஒரு கவட்டையில் கப்பி, அதில் 16 மில்லிமீட்டர் கயிறு, கயிற்றின் மறுமுனை தூரில் மூன்று சுற்று. வெட்டுகிற கிளையைக் கயிற்றில் கட்டி, கைரம்பம் மாதிரி சின்ன மெஷின் ரம்பத்தால் அடியில் கால் பங்கு, மேலே மீதி என்று அறுத்துத் தொங்கவிட்டு மெல்ல இறக்கினார்கள். மில்க்வுட்டைச் சுற்றி நான் இரும்புக் கம்பி ஊன்றி நிழல்வலை கட்டியிருந்தேன். அதற்கு மேலிருந்த இரண்டு பெரிய கிளைகளையும் ஒரே தடவையில் இறக்காமல் ஏழு துண்டாக எடுத்தார்கள். அதற்கே மூன்று மணி நேரம். கீழே மூன்றே கொப்பு கழிந்தது, வேறு ஒரு இலை உதிரவில்லை.

அடி விழுந்தது வேறு இடத்தில். மத்தியானம் வீட்டுப் பக்கக் கிளை ஒன்றுக்கு வழிகாட்டிக் கயிறு கட்டாமல் அறுத்துவிட்டார்கள். அது ஊஞ்சல் மாதிரி திரும்பி மழைநீர்த் தகட்டில் மோதியது. 3 மீட்டர் தகடு நசுங்கிப் போனது, 650 ராண்ட். இன்ஷூரன்ஸில் நம் பங்காகக் கட்ட வேண்டியது அதைவிட அதிகம் என்பதால் கேட்கவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு கயிறு என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மொட்டைத் தண்டு மட்டும் 5 மீட்டர் நின்றது. அதை வண்டி வருகிற வழிப் பக்கம் சாய்த்தார்கள். சாய வேண்டிய பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டி, பின்பக்கமிருந்து அறுத்து, நடுவில் கீல் மாதிரி 10 சென்டிமீட்டர் மரத்தை அறுக்காமல் விட்டார்கள். ரம்பத்தின் தகடு 50 சென்டிமீட்டர்தான், அதனால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்து நடுவில் சேர்க்க வேண்டியிருந்தது. ஆப்பு மூன்று அடித்ததும் ஒரு முனகல் சத்தம், மெதுவாகத் தலை சாய்ந்தது, தரையில் விழுந்தபோது சமையலறைப் பாத்திரமெல்லாம் குலுங்கியது. அறுத்த முகத்தில் நடுவே செம்பழுப்பு, ஓரத்தில் வெளிறிய மஞ்சள். மரத்தூள் காலடியில் கணுக்கால் வரை. அந்த வாசனை இரண்டு வாரம் வீட்டை விட்டுப் போகவில்லை, என் சட்டை துவைத்த பிறகும் கற்பூரம் மணத்தது. ஆயா ஒரு கை மரத்தூளை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

கிளைகளையும் தழையையும் அகற்றுவது விலையில் சேரவில்லை என்பதை நான் கொட்டேஷனில் கவனிக்கவில்லை. கழிவு அள்ளிப்போகிற பெரிய ஸ்கிப் தொட்டி இரண்டு வரவழைத்தேன், தலைக்கு 1,900. தண்டில் நல்ல பகுதியை வீட்டிலேயே 5 சென்டிமீட்டர் கனத்தில் ஆறு பலகையாக அறுத்து வாங்கி, இரண்டு முனையிலும் பழைய பெயிண்ட் அடித்து, நடுநடுவே சட்டம் கொடுத்து கொட்டகையில் அடுக்கினேன். முனையில் பெயிண்ட் அடிக்காவிட்டால் அங்கிருந்துதான் வெடிக்கத் தொடங்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு, ஆகவே இரண்டு வருடம் தொடப்போவதில்லை. பூஜை அலமாரிக்கு வைத்திருக்கிறேன்.

நடந்தேவிட்ட இரண்டாவது தவறு அடிக்கட்டையில். மறுபடி துளிர்க்காமல் இருக்க, வெட்டிய உடனே களைக்கொல்லி மருந்து தடவ வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. டிரைக்ளோபைர், டப்பாவும் தூரிகையும் கையுறையும் சேர்த்து 420 ராண்ட், முந்தின வாரமே வாங்கி வைத்ததுதான். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிய அசதியில் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐந்து நாள் கழித்துத் தடவினேன். அதற்குள் வெட்டுமுகம் காய்ந்து மூடிக்கொண்டது. மருந்து உள்ளே போகவே இல்லை. ஆகஸ்ட் நடுவில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து வட்டமாக இளஞ்சிவப்புத் துளிர், எண்ணினேன், 30க்கு மேல். ஒரு மீட்டர் தள்ளி வேரிலிருந்தும் நாலு.

துளிரை ஒடிப்பதால் பிரயோஜனம் இல்லை, ஒன்றை ஒடித்தால் மூன்று வரும். ரம்பம் வாடகைக்கு வாங்காமல் பாபாவையே கூப்பிட்டு, கட்டையின் மேல் 5 சென்டிமீட்டர் வட்டத்தைச் சீவி எடுக்கச் சொன்னேன். அவர் சீவிக்கொண்டே போக, நான் பின்னாலேயே தூரிகையோடு ஓரத்தில் பட்டைக்கு உட்பக்கமாக ஒரு கை அகலத்துக்குத் தடவிக்கொண்டே போனேன். நடுப்பகுதிக்குத் தேவையில்லை, உயிர் ஓரத்தில்தான் ஓடுகிறது. மில்க்வுட் வேர் பக்கத்தில் இருப்பதால் ஒரு சொட்டும் மண்ணில் விழாதபடி ஈரமாக மட்டும், வழியாமல். அதற்கப்புறம் துளிரே இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, நவம்பரில் கட்டையை 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அரைத்தோம், 2,600 ராண்ட். மில்க்வுட் பக்கம் 2 மீட்டருக்கு அரைக்காமல் வேரை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டேன்.

குழாய் 9 மீட்டருக்குப் புதிய பிவிசி, கூலியோடு 6,200. சுவர் இரண்டு மீட்டர் இடித்துக் கட்டியது 4,300. பழைய பிளம்பர் செலவு 5,550 தனி; மற்றதெல்லாம் சேர்த்து 36,470 ராண்ட். பாபாவுக்கு அந்த இரண்டாம் தடவைக்குக் கொடுத்தது இதில் இல்லை, அவர் தொகை சொல்ல மறுத்தார், நான் கையில் இருந்ததைக் கொடுத்தேன். முதலாமவரின் 9,500ஐ நினைத்தால் பெரிய தொகைதான். ஆனாலும் இன்னொரு மரம் எடுக்க நேர்ந்தால் இதே ஆளைத்தான் கூப்பிடுவேன். வேலைக்கு முன்னால் தோட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதிவிடுவேன், மருந்து டப்பாவை ரம்பத்தின் பக்கத்திலேயே திறந்து வைப்பேன், தழை அகற்றுவது யார் பொறுப்பு என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்வேன்.

வெயில் நேராகப் பட ஆரம்பித்ததில் மில்க்வுட்டுக்கு முதலில் இரண்டு பக்கம் இலை கருகியது, பயந்துபோனேன். அந்த நிழல்வலையையே இரண்டு மாதம் மேலே கட்டி வைத்து மெதுவாகத் தளர்த்தினேன். இப்போது நுனியெல்லாம் துரு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது. கற்பூர மரம் நின்ற இடத்தைச் சுற்றி மண்ணில் நாற்றுகள் முளைத்தபடி இருக்கின்றன. போன ஞாயிறு வேரோடு 41 பிடுங்கினேன். ஆயா வீட்டுப் பக்கம் இன்னும் பாக்கி.